எங்கள் வீட்டுச் சோப்பு டப்பா

எங்கள் காருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது என்பதை நம்பவைப்பதிலேயே என் பள்ளிக்கூடக் காலத்தில் பாதி கழிந்தது. ராயபுரத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் ஒருவரும் நம்பவில்லை. பின்னால் எஞ்சின் இருந்தால் கார் பின்னால்தானே போகும் என்று ஒருத்தி கேட்டாள். அவளை வீட்டுக்கே கூட்டிவந்து முன்மூடியைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே ஸ்டெப்னி டயரும், கோணிப்பையில் கொஞ்சம் மணலும், அப்பாவின் குடையும் கிடந்தன. அப்படியானால் உங்கள் காருக்கு எஞ்சினே கிடையாது என்று சொல்லிவிட்டு, நான் பின்மூடியைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

மணல் மூட்டைக்குக் காரணம் உண்டு. பாரமெல்லாம் பின்னால் இருப்பதால் கடலோரச் சாலையில் காற்று பலமாக வீசினால் காரின் மூக்கு ஆடும். அதை அடக்கி வைக்கத்தான் மணல். அதேபோல் பின்சக்கரங்களுக்கு நிறையக் காற்றும் முன்சக்கரங்களுக்கு அதில் பாதியும்தான் பிடிக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர், எத்தனை முறை சொன்னாலும் நான்குக்கும் ஒரே அளவாகப் பிடித்துவிட்டு, நியாயம் வழங்கியவர் போல நிற்பார். வீட்டுக்கு வந்து முன்சக்கரங்களிலிருந்து இறக்கிக்கொள்வோம். இப்படி எல்லாமே தலைகீழாக இருந்த ஒரு வண்டியோடு வளர்ந்ததால் மற்றவர்களின் கார்கள் எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் தெரிந்தன. இன்றும் அப்படித்தான் தெரிகின்றன.

அது இங்கிலாந்தில் செய்த கார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போகும்போது அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிர் நீலம். இரண்டே கதவுகள். பின்சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்சீட்டில் இருப்பவர் முதலில் இறங்கி, சீட்டை மடக்கி வழிவிட வேண்டும். தெருவில் அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்தார்கள். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சோப்பு டப்பா சுத்தமான பொருள் என்பார்.

போன மாதம் கடற்கரையோரம் பழைய கார்களை வரிசையாக நிறுத்திவைத்துக் காட்டினார்கள். அதே ஜாதிக் கார் ஒன்று அங்கே இருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்களாம். தொடக் கூடாது என்று சுற்றிலும் கயிறு. சொந்தக்காரரிடம், எங்களுடையது எண்ணூரில் இன்னமும் மார்க்கெட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவர்களைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல.

அப்பாவுக்குக் காசிமேட்டுக்குப் போகும் வழியில் கடை. கயிறு, நட்டு போல்ட்டு, கிரீஸ், மீன்பிடி போட்டுகளுக்கான சில்லறைச் சாமான்கள் விற்பார். தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் அவருடைய தங்கையும், அதாவது என் அத்தையும், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே அவர்கள் வாயில் இந்த ஊர்ப் பேச்சுதான் வரும். அம்மா மட்டும் கல்யாணமாகித் தெற்கேயிருந்து வந்தவள். அவளுடைய பேச்சும் பயங்களும் கடைசிவரை தெற்கத்தியாகவே இருந்தன.

கார் வந்த புதிதில் மூன்று மெக்கானிக்குகளிடம் போயிற்று. முதலாமவர் முன்மூடியைத் திறந்து மணல் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாமவர் சிரிக்கவில்லை, ஆனால் கழற்றிய சாமான்களில் ஒரு கைப்பிடி மிச்சம் என்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். மூன்றாமவரிடமிருந்து புகைவிட்டுக்கொண்டு திரும்பி வந்த அன்று, அத்தை கடையிலிருந்து ஒரு ஸ்பானர் செட்டை எடுத்துவந்தாள். கடையில் கல்லாவில் உட்கார்ந்து, போட்டு எஞ்சின்காரர்கள் பேசுவதையே பாட்டுப்போலக் கேட்டு வளர்ந்தவள் அவள். கை சின்னது. அந்த எஞ்சினின் சந்துபொந்துகளுக்குள் அப்பாவின் கை போகாது. அத்தையின் கை போகும். அன்றைக்கு எடுத்த ஸ்பானரை அவள் பிறகு கடைக்குத் திருப்பித் தரவே இல்லை.

அப்பா காரைத் துடைப்பார், மெழுகு போடுவார், ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டுவார். எங்களுக்குச் சர்ச் என்பது கோயில்தான். மற்றதெல்லாம், விடியுமுன் ஓட்டிச் சரிபார்ப்பது உட்பட, அத்தை. பின்சக்கரங்களுக்கு விசை போகும் இடத்தில் தடித்த மெதுவடை போல இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. அவை தேய்ந்துபோனபோது இந்தியா முழுவதும் தேடினாலும் கிடைக்காது என்றார்கள். அத்தை சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போய், எங்கோ கரி சுமந்து ஓய்ந்த கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு வாங்கிவந்தாள். அதை அறுத்துத் துளையிட்டு மாட்டினாள். இங்கிலாந்துக்காரன் செய்த வடையைவிட ராயபுரத்து வடை கூடுதல் காலம் உழைத்தது என்று இன்றுவரை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்தில் இதை வெளியே சொல்லக் கூடாது. அத்தை வேலை செய்வது கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், ஷட்டரை இறக்கிவிட்டு. தெருவில் எல்லோரும் அப்பாதான் ரிப்பேர் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். அப்பாவும் அப்படியே நினைக்கவிட்டார். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்பதால் நான் ஷட்டருக்குள் வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். அத்தையின் பாதங்களும், தொங்கும் விளக்கின் வெளிச்சமும் தெரியும். சந்தோஷமாக இருக்கும்போது அவள் இடது பாதம் தாளம் போடும்.

அம்மாவைப் பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது. பெரம்பூரிலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று நிச்சயம் வரைக்கும் போய், பெண் காருக்கடியில் படுத்து வேலை பார்க்கிறவளாமே என்று யாரோ சொன்னதில் நின்றுபோயிற்று. அதற்கடுத்து வந்த தரகர் காப்பி கொடுத்த அத்தையின் நகக்கண்களைப் பார்த்துவிட்டுப் பாதிக் காப்பியோடு எழுந்துபோனார். இரண்டு தடவையும் சொந்தக்காரர்கள் அம்மாவைத்தான் பிடித்துக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவள், நாத்தனாரை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று. அத்தை ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சொல்லாமல் இருப்பதுதான் அம்மாவுக்கு இன்னும் பயம்.

அப்போதுதான் எண்ணூர்ச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. முறுக்கைக்கூடச் சத்தம் வராமல் கடித்தார். பேசியதெல்லாம் அவருடைய அப்பா. வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, இத்தனை பழைய வண்டியை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் நம்ம கைதான் என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் ஒரு லட்டை வைத்தாள். அத்தை முந்தானையைக் கைவிரல்கள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். லட்டைத் தாண்டி நான் அவளைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை.

சம்பந்தம் கூடிவந்தது. கல்யாணம் முடியும்வரை அத்தை காரைத் தொடக் கூடாது என்று அம்மா அப்பாவைச் சொல்லச் சொன்னாள், அப்பா சொன்னார். அத்தை சரி என்றாள். தினமும் குளிக்கும் முன் அம்மா அவளை உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு விரல்விரலாகத் தேய்ப்பாள். தேங்காயெண்ணெய், கடலைமாவு, எல்லாம் ஆயிற்று. தோல் வெளுத்தது, நகத்தோரத்துக் கறுப்பு மட்டும் போகவில்லை. வருஷக்கணக்காக ஊறிய கிரீஸ் அல்லவா. கடைசியில் அம்மா பாரிமுனைக்குப் போய், நெட்டில் செய்த வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி வாங்கிவந்தாள். எங்கள் கல்யாணப் பெண்கள் வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் முக்காட்டு நெட்டும் அணிவார்கள்; கையுறையும் போட்டால் வித்தியாசமாகத் தெரியாது. பேஷனாகவும் ஆயிற்று, பாதுகாப்பாகவும் ஆயிற்று என்று அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கல்யாணம் எண்ணூரில், மாப்பிள்ளையின் கோயிலில். அதே கோயிலில் அன்று அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்கள். எங்களுடையது முதலாவது, நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த ஜோடியைப் பீடத்தின் முன் நிறுத்திவிடுவேன் என்று போதகர் முன்பே சொல்லிவிட்டார். ராசியான வாடகைக் கார் பிடிக்கலாம் என்று அம்மா சொன்னதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் தங்கை தன் காரில்தான் போவாள் என்றார். இந்த ஒரு விஷயத்தில் அத்தையும் வாயைத் திறந்து, ஆமாம் என்றாள்.

காலையில் மார்க்கெட்டிலிருந்து பூக்காரர் காரை அலங்கரிக்க வந்தார். நூற்றுக்கணக்கில் கல்யாணக் கார்களுக்குப் பூ வைத்தவர். எஞ்சின் மூடியின் மேல் பூவை அடைத்தால் வண்டி சூடாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மிகுந்த பொறுப்போடு முன்னால் சின்னதாக ஒரு கொத்து மட்டும் வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த பின்பக்கம் முழுவதும் சாமந்தியும் மல்லியும் வைத்த ஒரு பூவலையைப் போர்த்தி இறுக்கிக் கட்டினார். பின்மூடியில் எஞ்சின் மூச்சுவிடுவதற்காக வரிசையாக வெட்டியிருந்த பிளவுகள் அத்தனையும் பூவுக்கடியில் போயின. அத்தை உள்ளே முக்காடு குத்திக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்தார். எங்கள் காருக்கு எஞ்சின் பின்னால் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட என் அப்பா, சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ரதம் மாதிரி இருக்கிறது என்று பூக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் அப்பா ஓட்ட, பக்கத்தில் அம்மா. பின்சீட்டில் அத்தையும், பூத்தூவும் பெண்ணாகிய நானும். வெள்ளைக் கவுனும் மடியில் பூக்கூடையுமாக உட்கார்ந்திருந்த என் பெருமையை எழுத இந்தக் காகிதம் போதாது. திருவொற்றியூர் வரைக்கும் தெருவில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கையசைத்துக்கொண்டே போனேன்.

திருவொற்றியூரைத் தாண்டிக் கடலோரச் சாலையில் ஏறியதும் நின்றுவிட்டோம். துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் தங்கள் பக்கத்துச் சாலை போதாமல் எங்கள் பக்கத்திலும் ஏறி நின்றன. ஒருபுறம் பாறை கொட்டிய கடல். மறுபுறம் வரிசையாக இரும்புப் பெட்டிகள். ஒரு அடி நகர்வதும் நிற்பதுமாக வெயிலில் ஊர்ந்தோம். செல்போன் எங்கள் வீட்டுக்கு இன்னும் வராத காலம்.

அத்தைதான் முதலில் மோப்பம் பிடித்தாள். சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். அப்பா, நீ கல்யாணப் பொண்ணு, சும்மா உட்கார் என்றார். சற்று நேரத்தில் பூவெல்லாம் அவிந்த வாடை வந்தது. திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி முழுக்க ஆவி. சாமந்திக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை போல எழுந்துகொண்டிருந்தது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினார்.

பக்கத்து லாரியின் உயரத்திலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, பொண்ணு கார்ல சாம்பார் வெச்சுகினு போறியா?” என்று கேட்டவர், கேட்ட கையோடு தண்ணீர்க் கேனையும் நீட்டினார். நல்ல மனிதர். அப்பா கேனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பூவலையைப் பிய்த்து ஒதுக்கி மூடியைத் தூக்கினார். தோளில் கிடந்த பட்டுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

அந்த எஞ்சின் அலுமினியத்தில் வார்த்தது. கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் அதன் தலைப்பகுதி வளைந்துவிடும். வளைந்தால் அதோடு அந்தக் கார் முடிந்தது. இது அப்பாவுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் போதகரும் அடுத்த ஜோடியும் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது.

அத்தை முன்னால் குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். “மைனி, எறங்குங்க” என்றாள். அண்ணன் மனைவியைத் தெற்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல் மட்டும் அவள் பேச்சில் தெற்கத்திச் சொல்.

அம்மா இறங்கவில்லை. அம்மா இறங்காமல் அத்தை இறங்க முடியாது. இத்தனை லாரிக்காரர்கள் பார்க்க நடுரோட்டில் கல்யாணப் பெண் இறங்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டு ஆள் யாராவது இந்த வழியாக வந்தால் என்ன ஆகும், பெரம்பூர்க்காரர்கள் போல இவர்களும் போய்விட்டால் இனி யார் வருவார்கள் என்று, திரும்பாமல் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். இந்த ஒரு நாள் மட்டும் உன் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள்.

“அண்ணன் பச்சத் தண்ணி ஊத்தப் போறாரு மைனி. ஊத்திட்டாருன்னா அப்பால வண்டியும் கெடையாது, கோயிலும் கெடையாது. நான் பாக்க சொல்லோ அது சாவக் கூடாது.”

அம்மா கதவைத் திறந்து இறங்கி, சீட்டை மடக்கினாள்.

அத்தை இறங்கியதும் செய்த முதல் காரியம், கையுறைகளை விரல்விரலாகக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தது. அடுத்தது, அப்பாவின் காலடியில் இருந்த கேனை எடுத்துத் தூர வைத்தது. மிச்சமிருந்த பூவையெல்லாம் அறுத்து எறிந்தாள். பிறகு எதிரே இருந்த டீக்கடைக்கு என்னை அனுப்பி, கெட்டில் நிறைய வெந்நீர் வாங்கிவரச் சொன்னாள். டீக்கடை அம்மா, கொதிக்கிற வண்டிக்கு வெந்நீரா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, உன்னால் தூக்க முடியாது என்று தானே தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் புரியவில்லைதான். ஆனால் புரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

லாரிகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். வெள்ளைப் பட்டும், இடுப்புக்குக் கீழே தொங்கும் முக்காடும், கழுத்து நிறைய நகையுமாக ஒரு பெண் எஞ்சினுக்குள் குனிந்திருப்பதை அந்தச் சாலை அதற்குமுன் பார்த்திருக்காது. ஒருவரும் கேலி பேசவில்லை. அத்தை துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைச் சிறிது திருகினாள், நிறுத்தினாள், சீறல் அடங்கும்வரை காத்திருந்தாள், மறுபடி சிறிது திருகினாள். மூடி கையோடு வந்தது. வெந்நீரை நூல்போல ஊற்றினாள். எஞ்சின் விசிறியைச் சுற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு எதையோ முறுக்கி இறுக்கினாள்.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். கையுறைகளை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் முக்காட்டையும் முந்தானையையும் சேர்த்துப் பிடித்து, தரையில் படாமல், எஞ்சினில் படாமல் உயர்த்தியபடி அத்தைக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள். அத்தை இந்தப் பக்கம் போனால் அம்மாவும் இந்தப் பக்கம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

பின்மூடியைச் சாத்தினால் மறுபடி சூடாகும் என்று அத்தை சொன்னதும், கேன் கொடுத்த டிரைவர் சக்கரத்துக்கு அண்டை வைக்கும் கட்டையைக் கொண்டுவந்து மூடிக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினார். அத்தை துண்டில் கையைத் துடைத்தாள். துண்டுதான் கறுத்தது, கை அப்படியே இருந்தது. பிறகு அவள் டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து, “நவுருண்ணே” என்றாள். அப்பா பின்சீட்டில் ஏறி என் பூக்கூடையை மடியில் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காரில் குளிர்தேசத்துக்காரர்கள் வைத்த வெப்பக்காற்றுப் பெட்டி ஒன்று உண்டு. எஞ்சினின் சூட்டை இழுத்து, உட்கார்ந்திருப்பவர்கள் மேல் ஊதும். இந்த ஊரில் அதை யாரும் தொட்டதில்லை. அத்தை அதை முழுதாகத் திருப்பினாள். வெளியே கத்திரி வெயில். உள்ளே கால்மாட்டிலிருந்து அடுப்புக்காற்று. எஞ்சினின் காய்ச்சலை எங்கள் நாலு பேருக்கும் பங்குபோட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா, செத்தோம் என்று முனகினார். முள் மெல்ல இறங்கியது.

இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு சந்து. பெரிய கார் எதுவும் அதில் மூக்கை நுழைக்க முடியாது. முன்னால் நின்ற லாரிக்காரர் தன் வண்டியை ஒரு முழம் நகர்த்திக் கொடுக்க, அத்தை கண்ணாடிகளை மடக்கிவிட்டு உள்ளே விட்டாள். இருபுறமும் ஆளுயரச் சக்கரங்கள். இந்தச் சந்திலிருந்து அடுத்த சந்துக்கு, அங்கிருந்து பாறையோரத்துக்கு, மறுபடி சாலைக்கு. சோப்பு டப்பா என்று சொன்னவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். அத்தை ஓட்டுவதை முன்சீட்டுகளின் நடுவிலிருந்து பார்த்தபோது, இப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு லாரிக்காரருக்கும் கையசைத்தேன். அவள் இடது பாதம் அவ்வப்போது கிளட்சுக்குப் பக்கத்தில் தாளம் போட்டது.

கோயிலுக்கு நேரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் படிகளில் மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் நின்றிருந்தார்கள். பின்மூடி கட்டையில் நிற்க, பிய்ந்த பூ தொங்க, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்யாணப் பெண் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவிடம் வந்து, வண்டி வேலையெல்லாம் நீங்கள் பார்ப்பதாகத்தானே சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். பூக்கூடையோடு நின்ற அப்பா அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “நான் தொடைப்பேன். அவ்ளோதாங்க. ஓட வெக்கிறது எப்பவுமே என் தங்கச்சிதான்” என்றார். பெண் பார்க்க வந்த அன்றைவிட இப்போதுதான் அவர் மார்பு சரியாக நிமிர்ந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அம்மா ஓரமாக அத்தையை இழுத்து, முகத்தை ஒற்றி, முக்காட்டைச் சரிசெய்து, கையுறைகளை நீட்டினாள். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார், பார்க்கவில்லை, சீக்கிரம் போட்டுக்கொள் என்றாள்.

“வேணாம் மைனி. கையி இதான்” என்றாள் அத்தை.

நான் பூத்தூவிக்கொண்டு முன்னால் போனேன். எனக்குப் பின்னால் வாசலிலிருந்தே குசுகுசுப்பு தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகத் தாவி, எங்களுக்கு முன்பே பீடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை அசையாமல் நின்றிருந்தார். போதகர் வாசித்தார், ஜெபித்தார், பிறகு வலக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அத்தை கையை நீட்டினாள். நான் மிகப் பக்கத்தில் நின்றேன். கட்டைவிரல் நகத்தைச் சுற்றிக் கறுப்பு, உள்ளங்கையில் ஒரு கீற்று, மணிக்கட்டில் சிவந்து ஒரு சூட்டுக்காயம். முன்பெஞ்சில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை கையைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். இவளை மனைவியாக ஏற்கிறேன் என்று வார்த்தைப்பாடு சொல்ல வேண்டிய இடம்; அவர் சொல்லவில்லை. போதகர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் குனிந்து, எனக்கும் அத்தைக்கும் மட்டும் கேட்கிற குரலில், “பெல்ட்டா?” என்று கேட்டார்.

“இல்ல, பூவு” என்றாள் அத்தை. “பின்னாடி அடைச்சுட்டாங்க.”

அவர் தலையை ஆட்டினார். டர்பைன் பக்கம் வேலை பார்க்கிறவர், எதையோ மனதுக்குள் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது போல இருந்தது. பிறகு போதகர் பக்கம் திரும்பி, தெளிவாக, கோயில் முழுக்கக் கேட்கும்படி வார்த்தைப்பாடு சொன்னார். கையை இறுக்கிப் பிடித்தபடியே சொன்னார்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அழாத அத்தை, நடுரோட்டில் அழாத அத்தை, அங்கே நின்று அழுதாள். தோள் குலுங்க, முக்காடு நனைய, தன் முறை வந்தும் வார்த்தைப்பாடு சொல்ல முடியாமல் அழுதாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பக்கத்தில் நின்று காதால் கேட்டவள். கல்யாணத்தன்று, கர்த்தருடைய கோயிலில், ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துவைத்துக்கொண்டு கார் ஏன் நின்றது என்று விசாரணை செய்கிற மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார்?

பந்தியில் அவர் தானே எழுந்துவந்து எனக்கு ஒரு கப் ஐஸ்கிரீம் நீட்டினார். என் அத்தையை அழவைத்த ஆளிடம் எதுவும் வாங்குவதில்லை என்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.